தண்ணீர் ஊற்றும் கை: ஆறாத சளியும் ஒரு சொட்டு எண்ணெயும்

இருபது வருடத்துக்கு மேலாக ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம். அவர்களில் ஒரு கைக்குழந்தையின் நோயை முழுசாக எழுதி வைத்துவிட வேண்டும் என்று பல நாளாக மனதில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று தெரிய எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது. மருந்து இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, நல்ல டாக்டர்களும் இருந்தார்கள். கேட்ட கேள்விதான் சரியில்லை.

பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். ஆண் பிள்ளை, தலைப்பிரசவம். சுகப்பிரசவத்தில் 2.9 கிலோ எடையுடன் பிறந்தது. பிறந்த அரை மணி நேரத்தில் தாய்ப்பால் குடித்தது. தாய்க்கு 23 வயது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வழக்கப்படி தாய்வீட்டில்தான் பிரசவம் பார்த்தார்கள், பிள்ளையும் தாயும் அங்கேயே இருந்தார்கள். வீட்டில் அம்மாச்சியும் தாத்தாவும். அம்மாச்சிக்கு 58 வயது. இந்தப் பெண் அவருக்குக் கடைக்குட்டி. தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தண்ணீர் ஊற்ற அவரைத்தான் கூப்பிடுவார்களாம். இதை முதல் நாளே அந்தப் பெண் எங்களிடம் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று முறை வந்த பிள்ளை

முதல் முறை வந்தபோது பிள்ளைக்கு 45 நாள். இரண்டு மூன்று நாளாக இருமல், பால் சரியாகக் குடிக்கவில்லை என்றார்கள். சட்டையை விலக்கிப் பார்த்தால் விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 68. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 தாண்டினாலே வேகமான மூச்சு என்று கணக்கு. பல்ஸ் ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 89 சதவீதம்தான். காய்ச்சல் பெரிதாக இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. நிமோனியா என்று சேர்த்து, ஆக்சிஜன் வைத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் போட்டோம். எட்டாம் நாள் டிஸ்சார்ஜ்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்கள். அதே மூச்சு, எக்ஸ்ரேயில் அதே இடத்தில் அதே திட்டு, இந்தத் தடவை கீழேயும் கொஞ்சம் பரவியிருந்தது. ஒரு நிமோனியா ஆறாமல் அதே இடத்தில் நின்றால் சில காரணங்களைத் தேடுவார்கள். காசநோய்க்குப் பரிசோதனை செய்தோம், இல்லை. இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று எக்கோ எடுத்தோம், நன்றாக இருந்தது. அப்புறம் பால் புரையேறி நுரையீரலுக்குப் போகிறதோ என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் நேராகத் தாயின் தலையில் போய் விழுந்தது. “படுத்துக்கிட்டே பால் குடுக்குறியா? ஏப்பம் எடுத்து விடுறியா இல்லையா?” என்று ஆளாளுக்குக் கேட்டோம். நானும்தான் கேட்டேன். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை. உட்கார்ந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு முறையும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பதினோரு நாளில் பிள்ளை தேறியது, வீட்டுக்குப் போனது. 92-ஆம் நாள் மூன்றாம் முறையாக வந்தது.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வார்டுக்கு வந்தால் தேறுகிறது, வீட்டுக்குப் போனால் முடியாமல் போகிறது. வீட்டில் நடப்பதும் வார்டில் நடக்காததும் என்ன என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். மூன்று முறையும் கேஸ் ஷீட்டில் ஒரே வரி இருக்கிறது: நாட்டு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ட்யூட்டி டாக்டர் மூன்று முறையும் கேட்டார், வீட்டார் மூன்று முறையும் இல்லை என்றார்கள். அது பொய்யும் கிடையாது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போகும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களிலும் எடை பார்த்திருக்கிறார், தொப்புள் பார்த்திருக்கிறார், பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறார். பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரத்தில் அங்கே யாரும் இல்லை.

வார்டு குளியலறையில்

மூன்றாம் முறை சேர்த்து நாலாம் நாள். பிள்ளைக்கு ஆக்சிஜன் எடுத்தாகிவிட்டது. அம்மாச்சி என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தாயி, பிள்ளை மேலுல தண்ணி பட்டு நாலு நாளாச்சு. ஒடம்பெல்லாம் அலுப்பா இருக்கும். வெந்நி வாங்கியாந்துருக்கேன். ஒரு செம்பு ஊத்திக்கிறவா?”

விதிப்படி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அன்று என்னவோ, “நானும் வர்றேன் அம்மாச்சி, சீக்கிரம் முடிச்சிருவோம்” என்று கூடவே போனேன்.

குளியலறைத் தரையில் ஒரு பழைய துணியை விரித்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தார். பிள்ளையை முழங்காலுக்குக் கீழே மல்லாக்கக் கிடத்தினார். அந்தக் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து தோள், தோளிலிருந்து விரல் நுனி, வலது கையையும் இடது காலையும் குறுக்காகச் சேர்த்து ஒரு மடக்கு, அப்புறம் மாற்றி ஒரு மடக்கு. நாலு நாளாக முகம் சுளித்துக்கொண்டே கிடந்த பிள்ளை வாயைத் திறந்து சிரித்தது.

அப்புறம் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து சின்ன மருந்துப் புட்டி ஒன்றை எடுத்தார். விளக்கெண்ணெய். ஆள்காட்டி விரலை நனைத்து, பிள்ளையின் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வலது மூக்கில் சொட்டவிட்டார். ஒன்று, இரண்டு. பிள்ளை இருமவில்லை, தும்மவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடியது. குனிந்து மூக்கில் வாய் வைத்து ஒரு ஊது ஊதினார். இடது மூக்குக்கு விரல் போவதற்குள் நான் என் உள்ளங்கையைப் பிள்ளையின் முகத்தின் மேல் வைத்துவிட்டேன்.

“இது எதுக்கு அம்மாச்சி?”

“சளி எளகி வெளிய வரத்தான் தாயி. மூக்கும் எடுப்பா வரும்.”

“தினமுமா?”

“தண்ணி ஊத்துறப்பல்லாம் விடணும்ல. தொப்புள் விழுந்ததுலருந்து விடுறேன். வீட்டுக்குப் போனா எனக்கு ஒரு நாளும் தப்பாது.”

“எண்ணெய் விடுறீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லலையே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. “மருந்து குடுத்தியான்னுதான கேட்டாக? இது மருந்தா? இது குளிக்க ஊத்துறது.”

அந்த ஒரு பதிலில் ஏழு வாரமும் எனக்கு விளங்கிப்போனது. எங்கள் கணக்கில் உடம்புக்குள் போகும் எல்லாமே மருந்து. அவர் கணக்கில் உரைகல்லில் உரைத்துச் சங்கில் ஊற்றுவதுதான் மருந்து. எண்ணெய், தண்ணீர், பயத்தமாவு, சாம்பிராணி எல்லாம் குளியலில் சேர்த்தி. வாரம் ஒரு முறை, சனிக்கிழமை, வயிறு சுத்தமாக வேண்டும் என்று அரைச் சங்கு விளக்கெண்ணெய் புகட்டியதும் அவர் கணக்கில் குளியலோடு சேர்ந்ததுதான். ஆண் பிள்ளைக்குப் புதனும் சனியும் எண்ணெய்க் குளி, அதில் சனிக்கிழமை இது.

எண்ணெய் உள்ளே போனால்

தண்ணீரோ பாலோ மூச்சுக்குழாய் வாசலைத் தொட்டால் பிள்ளை இருமும், துப்பும், முகம் சிவக்கும். எண்ணெய் அப்படித் தொந்தரவு செய்யாது. வழுவழுவென்று சத்தமில்லாமல் இறங்கிவிடும். இந்த நோயின் பயங்கரமே அந்த அமைதிதான். உள்ளே போன எண்ணெயைக் காற்று நுண்ணறைகளில் இருக்கும் தின்னும் செல்கள் விழுங்கும். விழுங்கியதைச் செரிக்க அவற்றால் முடியாது. எண்ணெயைச் சுமந்துகொண்டு அங்கேயே தங்கிவிடும், அதைச் சுற்றி அழற்சி வளரும், நாளாக ஆக அந்த இடம் இறுகும். இதற்கு லிப்பாய்டு நிமோனியா என்று பெயர், எண்ணெய் நிமோனியா என்று சொன்னால் புரியும். கிருமியால் வருவதில்லை என்பதால் ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் போட்டாலும் திட்டு கரையாது. மல்லாக்கக் கிடக்கும் பிள்ளைக்கு எண்ணெய் பெரும்பாலும் வலது மேல் பகுதியின் பின்பக்கமும் கீழ்ப் பகுதிகளிலும் போய்த் தேங்கும். எங்கள் எக்ஸ்ரே அதைத்தான் காட்டிக்கொண்டே இருந்தது.

தொப்புள் விழுந்த 12-ஆம் நாளிலிருந்து முதல் முறை சேர்த்த 45-ஆம் நாள் வரை 33 நாள். நாளுக்கு நாலு சொட்டு என்றால் 132 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் ஆறரை மில்லி, ஒரு தேக்கரண்டிக்கு மேல். எல்லாம் நுரையீரலுக்குப் போயிருக்காது, பாதிக்கு மேல் விழுங்கியிருக்கும். ஆனாலும் அந்த நுரையீரலின் அளவை நினைத்துப் பாருங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணும் இந்த நிமோனியாவைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1973-லேயே கட்டுரை வந்திருக்கிறது. அரபு நாடுகளில் பிள்ளையின் மூக்கில் நெய் விடும் வழக்கத்தாலும் இதே நோய் வந்து, அங்குள்ள மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். விலங்குக் கொழுப்பு நுரையீரலை இன்னும் மோசமாகப் புண்ணாக்கும்.

அன்று மத்தியானமே டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், பிறகு மூன்று எக்ஸ்ரேயையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். மறுநாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். சி.டி. ஸ்கேனில் அந்தத் திட்டுக்குள் கொழுப்பின் அடர்த்தி தெரிந்தது. பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் பால் மாதிரி கலங்கலாக வந்ததாம். சாயமேற்றிப் பார்த்ததில் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள். சந்தேகம் தீர்ந்தது.

“குளிப்பாட்டவே கூடாது”

நோய் தெரிந்த அன்று வேறொரு சங்கடம் தொடங்கியது. எங்கள் வார்டிலேயே ஒரு டாக்டர், நல்லவர்தான், கோபத்தில் அம்மாச்சியைப் பார்த்து, “இனிமே எண்ணெயும் தொடக்கூடாது, தண்ணியும் ஊத்தக்கூடாது, பிள்ளையை நீங்க தொடவே வேணாம்” என்று சொல்லிவிட்டார். அம்மாச்சி தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் விடு என்றால் எதையும் விட மாட்டார்கள். வெளியே சொல்லாமல் செய்வார்கள், அடுத்த முறை பிள்ளைக்கு முடியாமல் போனால் நம்மிடம் வராமல், சிக்கிக்கொண்டதை எடுத்துவிடுகிறேன் என்று தொக்கம் எடுப்பவர்களிடம் போவார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஆளாக்கிய கையிடம், நீ தொட்டது அத்தனையும் விஷம் என்றால் எப்படி ஏற்றுக்கொள்ளும்? அது உண்மையும் இல்லையே. அந்தக் குளியலறையில் பிள்ளை சிரித்ததை நான் பார்த்தேன். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்து, ரத்தத்தில் தொற்று குறைகிறது என்று 2005-ல் லான்செட்டில் எழுதினார்கள். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சப்பத் தெரியாத குறைமாதப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் கொடுப்பதே பாலாடையில்தான். பாட்டிமார் வைத்திருந்த பாத்திரம் அது.

இன்னொரு பக்கம், பிள்ளையின் அப்பத்தா செய்தி கேட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, “ஏ மகன் பிள்ளையக் கொல்லப் பாத்துட்டாளே” என்று வார்டு நடுவில் நின்று கத்தினார். தாய் நடுங்கிப் போனாள். எங்கள் நோய்க்கணிப்பு ஒரு குடும்பத்தைப் பிரிக்கும் ஆயுதமாகிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு. அப்பத்தாளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, “உங்க மகனுக்கு நீங்க எப்படித் தண்ணி ஊத்துனீங்க?” என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார். காலில் போடுவது, பயத்தமாவு, சாம்பிராணி, மூக்குக்கு உருக்கின நெய். நெய் என்று சொல்லும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது. அதற்கு மேல் அவர் சத்தம் போடவில்லை. பிள்ளையின் அப்பாவிடம் போனில் நானே பேசினேன். இது ஒருவர் கையில் உள்ள கோளாறு இல்லை, உங்கள் இரண்டு வீட்டிலும் உள்ள வழக்கம், நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளாததும் சேர்ந்துதான் பிள்ளை இத்தனை நாள் கஷ்டப்பட்டது என்று சொன்னேன்.

தாய் அன்று ராத்திரி என்னிடம் தனியாகச் சொன்னாள். மூக்கில் எண்ணெய் விடக்கூடாது என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. “என்னையும் இப்படித்தான வளத்தாங்க சிஸ்டர். நான் எப்படி அவங்களுக்குச் சொல்ல?”

வார்டு வராந்தாவில் பேசியது

பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்களிடம் திரும்பி வந்த பிறகு ஒரு சாயங்காலம் நால்வரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். அம்மாச்சி, அப்பத்தா, தாய், நான். இன்னதைச் செய்யாதே என்று நான் தொடங்கவில்லை. விடிந்ததிலிருந்து பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

தேய்த்துவிடுவது அப்படியே இருக்கட்டும் என்றேன். அம்மாச்சிக்கு நம்பவே முடியவில்லை. “டாக்டர் தொடாதன்னாரே” என்றார். டாக்டரிடம் பேசிவிட்டேன், தேங்காய் எண்ணெய் தேய்க்கலாம், பிள்ளை பிறந்ததும் அரசாங்கம் கொடுத்த பரிசுப் பெட்டகத்திலேயே எண்ணெய் இருந்ததே என்றேன். காலில் போட்டு ஊற்றுவதும் இருக்கட்டும். தலைக்கு ஊற்றும்போது மட்டும் நெற்றியில் கையைக் கூரை மாதிரி வைத்துக்கொண்டால் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் இறங்காது. சூட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று கவனித்தேன். கை பொறுக்கும் சூடு என்றார். அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது வருடம் அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்கிய கை, காய்ப்பு ஏறிப் போயிருந்தது. அந்தக் கை பொறுக்கும் சூட்டைப் பிள்ளையின் தோல் பொறுக்காது. முழங்கையில் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். அவரே செய்து பார்த்துவிட்டு, “ஆத்தி, சுடுது” என்றார்.

மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பது, சங்கில் விளக்கெண்ணெய் புகட்டுவது எல்லாம் நிற்க வேண்டும் என்று சொன்னேன். மூக்கு அடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும், வெளியே வருவதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறந்த பிள்ளையின் மார்புக்காம்பைப் பிதுக்குவதையும் சேர்த்துச் சொன்னேன். தாயின் ஹார்மோனால் வரும் வீக்கம் அது, சில வாரத்தில் தானே வடியும், பிதுக்கினால் சீழ் கட்டும். இதை மட்டும் அப்பத்தா கடைசிவரை நம்பவில்லை, தாயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

சாம்பிராணிக்கு ஒரு வழி கிடைத்தது. புகையில் இருப்பது நுண்ணிய தூள்தான், நோய்ப்பட்ட நுரையீரலுக்கு அது ஆகவே ஆகாது. ஆனால் சாம்பிராணி வாசனை இல்லாமல் பிள்ளை பெற்ற வீடா என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். தாயின் தலைமுடிக்குப் போடட்டும், அந்த நேரம் பிள்ளை வேறு அறையில் தாத்தாவிடம் இருக்கட்டும், புகை அடங்கிய பிறகு கொண்டுவரட்டும் என்று முடிவானது. கண் மைக்கும் அப்படித்தான். கடை மையில் ஈயம் கலந்திருக்கலாம், வீட்டு மையாக இருந்தாலும் இமைக்குள் விரல் போனால் கண்ணீர்க் குழாய் அடைத்துப் புண்ணாகும். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. கண்ணுக்குள் மட்டும் இல்லை.

தூளியைப் பற்றியும் கேட்டார்கள். பகலில் அழுதால் போட்டு ஆட்டலாம், துணி முகத்தில் மூடாமல் குறுக்குக் கட்டை வைத்து, பக்கத்திலேயே ஆள் இருந்தால். ராத்திரித் தூக்கம் பாயில், மல்லாக்க.

உரைமருந்தில்தான் இழுபறி. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் இருக்கிறது, ராத்திரியில் பெயர் சொல்லக்கூடாது என்று பேர் சொல்லா மருந்து என்பார்கள். இத்தனை மரியாதை உள்ள பொருளை வேண்டாம் என்று சொல்ல எனக்கே நாக்கு கூசியது. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதில் நான் இறங்கவில்லை. உரைகல்லில் எவ்வளவு இழைந்தது என்று யாரும் அளப்பதில்லை. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளுக்குப் பயந்து அமெரிக்காவில் 1968-லேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டார்கள். ஆறு மாதம் போகட்டும், அப்புறமும் கொடுக்க ஆசைப்பட்டால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றேன். அம்மாச்சி சரி என்றார். அரை மனதோடுதான் சொன்னார். வசம்பு வளையலைப் பிள்ளையின் கையிலிருந்து கழற்றி, எட்டாத உயரத்தில் தூளிக் கயிற்றில் கட்டிவிடுவது என்று அவரே ஒரு யோசனை சொன்னார். கையில் இருந்தால் பிள்ளை வாயில் வைக்கும், மணி அறுந்தால் தொண்டையில் சிக்கும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

சேனையும், அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பு தொட்டு வைப்பதும், பேச்சில் வந்தது. பிறந்த அன்று தாத்தா சீனித்தண்ணி தொட்டு வைத்திருக்கிறார். சில வீடுகளில் தேன். தேனில் இருக்கும் ஒரு கிருமியின் விதை ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் குடலில் முளைத்து, தசையெல்லாம் தளர்ந்து மூச்சே நின்றுவிடும் அபாயம் உண்டு, இந்த நோயை 1976-லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். நல்ல மனிதர் ஒருவர் கையால் முதல் ருசி கிடைக்க வேண்டும் என்ற ஆசையை நான் ஏன் தடுக்க வேண்டும்? கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, தாயின் சீம்பாலையே ஒரு சொட்டு விரலில் தொட்டு வைக்கட்டும். அடுத்த பிள்ளைக்கு அப்படியே செய்வோம் என்றார்கள்.

எல்லாம் பேசி முடித்தபோது அம்மாச்சி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்: “மேல தடவுறது ஏ பாடு. உள்ள போறது டாக்டரு பாடு.” எத்தனையோ விளக்கப் படங்களும் துண்டுப் பிரசுரங்களும் வார்டில் ஒட்டியிருக்கிறோம். இதைவிடத் தெளிவாக எதிலும் இல்லை.

அப்பத்தாவும் தாயும் எழுந்து உள்ளே போன பிறகும் அம்மாச்சி உட்கார்ந்தே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

“அஞ்சு பெத்தேன் தாயி. மூணாவது பய மூணு மாசத்துல போயிட்டான். இழுத்து இழுத்து மூச்சு விட்டான். மாந்தம்னு சொன்னாக. அப்ப அவனுக்கும் இதுதானா?”

எனக்குத் தெரியாது அம்மாச்சி என்றேன். முப்பது வருடத்துக்கு முன்னால் போன பிள்ளைக்கு என்ன வந்தது என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் நிமோனியாவில் எத்தனையோ பிள்ளைகள் போயின என்றேன். அது உண்மைதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

பிறகு

இந்த நோய்க்கு முதல் மருந்து எண்ணெயை நிறுத்துவது. அதற்கு மேல், பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரலை இரண்டு முறை கழுவினார்கள், கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நாலாம் மாதத்தில் மூச்சு 40-க்கு வந்தது. ஆறாம் மாத எக்ஸ்ரேயில் வலது மேல் பகுதியில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் மிச்சம். எட்டாம் மாதத்தில் அதுவும் இல்லை, எடை 7.8 கிலோ. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முடிவதில்லை. எண்ணெய் வருடக்கணக்கில் தங்கி நுரையீரல் தழும்பேறிப் போன பிள்ளைகளும் உண்டு.

எங்கள் வார்டில் கேஸ் ஷீட் எழுதும் முறையை மாற்றினோம். நாட்டு மருந்து கொடுத்தீர்களா என்ற கேள்விக்குக் கீழே கையால் மூன்று கேள்விகள் எழுதிச் சேர்த்தோம்: பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? மூக்கு, காது, கண், வாய், தொப்புள் இவற்றில் என்னென்ன விடுவீர்கள்? கடைசியாக விட்டது எப்போது? அதைவிட உதவியாக இருப்பது ஒரு துணிப் பொம்மை. எங்கள் வார்டு ஆயா தன் பழைய சேலையில் தைத்துக் கொடுத்தார். ஆறாத சளியோடு எந்தக் கைக்குழந்தை வந்தாலும் பாட்டியைக் கூப்பிட்டு, பொம்மையைக் கையில் கொடுத்து, உங்கள் வீட்டில் எப்படிக் குளிப்பாட்டுவீர்கள் என்று காட்டச் சொல்கிறோம். முதலில் வெட்கப்படுவார்கள். அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து பொம்மையைக் கிடத்துவார்கள். வாய் சொல்ல மறந்ததை விரல் மறப்பதில்லை. போன மாதம் ஒரு பாட்டி தலையிலிருந்து கால் வரை தேய்த்துவிட்டு, பொம்மையின் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். மூக்கு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே விரல் போய் நின்றது. “இங்க ரெண்டு சொட்டு” என்றார்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.